பெட்ரோல் குடித்த படகுக் கார்கள்

நாஞ்சில் நாட்டு மோட்டார் வரலாறு – 9

நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-இல். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்ட ஆண்டு அது. திருநெல்வேலிப் பாதை வந்து இணைய 1981 ஆயிற்று. அதுவரை ரயிலேற விரும்பிய நாஞ்சில் நாட்டுக்காரர் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலிக்குப் போக வேண்டும்; இல்லையென்றால் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை கடந்து திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டும். இரண்டுமே 70, 80 கிலோமீட்டர் தூரம். மோட்டார் வாகனம் இந்தப் பகுதியில் ஆழ வேரூன்றியதற்கு இந்தக் குறையே முதற்காரணம். அமெரிக்கப் பெருங்கார்களும் அப்படித்தான் வந்தன. அவசியம் முன்னே வந்தது. பெருமையும் சொகுசும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டன.

நாஞ்சில் நாடு அன்று அடங்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மோட்டார் கார் ஓடத் தொடங்கிய ஆண்டுகளில் அது அரச குடும்பத்தாரும் உயர் அதிகாரிகளும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளும் மட்டுமே வைத்திருந்த பொருள். அதன் ஆபத்தும் அவர்களிடமிருந்தே ஊருக்குத் தெரியவந்தது. மலையாளக் கவிஞர் கேரள வர்மா வலிய கோயித்தம்புரான் 1914-இல் காயங்குளம் அருகே கார் விபத்தில் சிக்கி இறந்தார். அப்போது அவருடன் இருந்த மருமகன் ஏ.ஆர். ராஜராஜ வர்மா உயிர் தப்பினார். சமஸ்தானம் முழுவதும் பேசிய முதல் மோட்டார் விபத்து அது.

முதல் உலகப் போருக்குப் பிறகு காரின் விலை இறங்கியது. இறக்கியவர் ஹென்றி ஃபோர்டு. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான மாடல் டி, உலகின் எந்த மூலைக்கும் போய்ச் சேர்ந்த முதல் கார். மண்சாலைக்கு ஏற்ற உயரமும், ஊர்க் கொல்லன்கூடப் பிரித்துப் பார்க்கக்கூடிய எளிய அமைப்பும் அதற்கு இருந்தன. அதன் பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் தன் எடையாலேயே என்ஜினுக்கு இறங்கி வர வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கிக்கொண்டால் எண்ணெய் வராது, வண்டி நின்றுவிடும். அதனால் உலகெங்கும் மாடல் டி ஓட்டியவர்கள் கடும் மேடுகளைப் பின்பக்கமாகவே ஏறிக் கடந்தார்கள்.

இந்தியாவில் ஓடிய 'அமெரிக்க' கார்களில் பலவற்றின் பிறப்பிடம் கனடா என்பது அவற்றை வைத்திருந்தவர்களுக்கே பெரும்பாலும் தெரியாது. அமெரிக்காவில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகள் பலவற்றில் வலப்பக்கம். வலப்பக்க ஸ்டீயரிங் வைத்த வண்டிகளைச் செய்து பேரரசின் நாடுகளுக்கு அனுப்பும் வேலை கனடாத் தொழிற்சாலைகளிடம் இருந்தது. 1926-இல் தொடங்கிய இந்திய ஃபோர்டு கம்பெனியும் ஃபோர்டு கனடாவின் கிளைதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயின் சிவ்ரியில் கார் பூட்டும் ஆலையைத் திறந்தது. பாகங்கள் பெட்டிகளில் கப்பலேறி வரும். ஆலையில் பூட்டி முழு வண்டியாக்குவார்கள். தமிழ்நாட்டின் தென்பகுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றது மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1910-களில் தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலையில் பஸ் ஓட்டித் தொழிலுக்கு வந்தவர். செவர்லே என்ற பெயர் தென்மாவட்டங்களில் வீட்டுப் பெயர்போல ஆனதில் இந்த விற்பனை வலைக்குப் பெரும் பங்கு உண்டு.

செவர்லே 1929-இல் ஆறு சிலிண்டர் என்ஜினைக் கொண்டுவந்தது. 3.2 லிட்டர் கொள்ளளவு. நான்கு சிலிண்டர் வண்டியின் விலைக்கே ஆறு சிலிண்டர் என்பதுதான் கம்பெனியின் விளம்பரம். 1932-இல் ஃபோர்டு அதற்கும் மேலே போய், சாமானியர் வாங்கும் விலையில் 3.6 லிட்டர் வி8 என்ஜினைக் கொடுத்தது. எட்டு சிலிண்டர்களை நான்கு நான்காக இரு சரிவில் நிறுத்திய இந்த அமைப்புதான் பின்னாளில் அமெரிக்காவின் 'மசில் கார்' என்ற இனத்துக்கே அடித்தளம். அதே காலத்து ஆங்கிலக் கார்களின் என்ஜின்கள் சிறியவை. இங்கிலாந்தில் சிலிண்டர் விட்டத்தைக் கணக்கிட்டு வரி போட்டதால் அங்கே பெரிய என்ஜின் செய்வது நஷ்டம். அந்த வரி இல்லாத இந்தியாவில் அமெரிக்க வண்டிக்கு எல்லா வகையிலும் அனுகூலம். தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி அதிகம். கியரை அடிக்கடி மாற்றாமலே மேடு ஏறும். முன்னே மூவர், பின்னே நால்வர் தாராளமாக உட்காரலாம். குழந்தைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நாஞ்சில் நாட்டில் 'பிளசர் கார்' என்று அழைக்கப்பட்டவை இவைதான். கோட்டாறு வணிகர்கள், பஸ் முதலாளிகள், வக்கீல்கள், டாக்டர்கள், மலைத்தோட்டக்காரர்கள் ஆகியோர் வீடுகளின் முன்புறம் நின்ற இவற்றைச் சொந்தக்காரர் ஒருவர் மட்டும் அனுபவித்தார் என்று எண்ணிவிடக் கூடாது. கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்குத் தெருவே அந்தக் காரை இரவல் கேட்கும். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கோ வடசேரி கேத்தரின் பூத் ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோவதும் அதுவே. கார் வைத்திருந்த வீட்டார் இரவில் கதவு தட்டப்படுவதை எதிர்பார்த்துத்தான் தூங்கினார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

பஸ்களின் கதை இதிலிருந்து 1938-இல் பிரிகிறது. அதற்கு முன் தனியார் பஸ்களில் பல, செவர்லே, ஃபோர்டு லாரி அடிச்சட்டத்தின்மேல் உள்ளூர் ஆசாரிகள் மரக்கூடு கட்டி ஏற்றியவை. லண்டன் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய இ.ஜி. சால்ட்டரைத் திருவிதாங்கூர் அரசு 1937-இல் அழைத்துவந்து போக்குவரத்துத் துறையை ஒப்படைத்தது. 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி மன்னர் சித்திரைத் திருநாள் அரசு பஸ் சேவையைத் தொடங்கிவைத்தார். திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரித் தடம் அந்தச் சேவையின் முதல் தடங்களில் ஒன்று. இங்கிலாந்திலிருந்து வந்த அடிச்சட்டங்களில் பெர்கின்ஸ் டீசல் என்ஜின்கள் இருந்தன. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில் இதே சாலைக்கு சிமெண்டு கான்கிரீட் போட்டார்கள். மழைக்கும் அசையாத அந்தச் சாலை இந்தியாவில் அந்நாளில் அரிது. அரசு பஸ் பிரிட்டிஷ் டீசலுக்குப் போய்விட, பெட்ரோலில் ஓடும் அமெரிக்க வண்டி தனியார் காராகவும் வாடகைக் காராகவும் நிலைத்தது. பெர்கின்ஸ் என்ற இந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து அது அமெரிக்கக் கார்களின் பானெட்டுக்குள்ளேயே புகுந்துகொள்ளப் போகிறது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. நாடெங்கும் பஸ்களின் பின்புறம் கரியை எரித்து வாயு உண்டாக்கும் கொப்பரைகள் முளைத்தன. தென்னாட்டில் இந்தக் கரிவாயுக் கருவியைச் செய்து விற்றதும் டி.வி.எஸ். நிறுவனம்தான். கரிவாயுவில் என்ஜினின் சக்தி வெகுவாகக் குறையும்; மேட்டில் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டிவரும். பெரிய அமெரிக்க என்ஜின்கள் சக்தியை இழந்தபின்னும் மிச்சம் வைத்திருந்ததால் ஒருவாறு சமாளித்தன. போர் முடிந்ததும் ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளும் டாட்ஜ், ஜி.எம்.சி. டிரக்குகளும் 'டிஸ்போசல்' ஏலத்தில் விலைபோயின. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரக்கூப்புகளிலும் தோட்டங்களிலும் அவற்றுக்கு நெடுங்காலம் வேலை இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகளே இந்தியாவில் அமெரிக்கக் காரின் பொற்காலம். வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லர் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்து டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ வண்டிகளைப் பம்பாயில் பூட்டியது. பிர்லாக்களின் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கரைப் பூட்டியது. செவர்லே சிவ்ரியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. காமராஜர் பயணம் செய்த எம்.டி.டி. 2727 எண்ணுள்ள வண்டி இந்தக் காலத்துச் செவர்லே, இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 1969-இல் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நின்று வென்ற காமராஜரை நேரில் பார்த்தவர்கள் இம்மாவட்டத்தில் ஏராளம். அவர் பெயரோடு அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் தமிழ்நாடு முழுவதும் உண்டு.

இந்த வண்டிகளை ஓட்டியவர்களின் நினைவுகளில் முதலிடம் ஸ்டீயரிங் கியருக்கு. தரையில் கியர்க் கம்பி கிடையாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். முன்னே மூன்று கியர், பின்னே ஒன்று. முன்சீட்டு ஒரே பலகையாக இருந்ததால் நடுவில் உட்கார்ந்தவர் காலை இடிக்காமல் ஓட்டலாம். அடுத்தது மின்சாரம். 1950-களின் நடுப்பகுதிவரை பெரும்பாலான அமெரிக்க வண்டிகள் 6 வோல்ட் பேட்டரியில் ஓடின. முகப்பு விளக்கு மங்கலாக எரியும். அடைமழைக் காலத்துக் காலையில் ஸ்டார்ட்டர் சோம்பும். ஹேண்டில் போட்டுச் சுற்றத் தெரியாதவர் டிரைவர் ஆக முடியாது. பின்னாளில் பட்டறைகள் 12 வோல்ட்டுக்கு மாற்றிக் கொடுத்தன. மழைத் துடைப்பான் பல வண்டிகளில் மின்சாரத்தால் இயங்கவில்லை. என்ஜின் காற்றை உறிஞ்சும் விசையால் இயங்கியது. ஆகவே மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தத் துடைப்பான் மெதுவாகி நின்றுவிடும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டத்தில் இது சிறிய தொல்லை அன்று.

ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று இன்னொன்று. இன்று முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்வதற்குக் காரணமான அதே காற்று, 5 மீட்டர் நீளமும் சுவர்போன்ற பக்கவாட்டும் கொண்ட வண்டியைப் பக்கத்திலிருந்து தள்ளும். 1956 நவம்பர் 1-ஆம் தேதிவரை அந்தக் கணவாய் சமஸ்தானத்தின், பிறகு திருவிதாங்கூர்–கொச்சியின், எல்லையாக இருந்தது. சென்னை மாகாணத்துக்குள் போகிற வண்டி சவுக்கையில் நின்று சோதனை முடிந்தே போக வேண்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபின் எல்லை களியக்காவிளைக்கு நகர்ந்தது. ஒரே சாலை, ஒரே வண்டி. நிறுத்திச் சோதிக்கும் இடம் மட்டும் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போயிற்று.

புதிய அமெரிக்க வண்டி வருவது அதற்குள் நின்றுவிட்டது. இறக்குமதிப் பாகங்களை இங்கே பூட்டினால் மட்டும் போதாது, உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்களே தொழிலில் இருக்கலாம் என்று 1953-இல் டாரிஃப் கமிஷன் பரிந்துரைத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. மிஞ்சிய இந்திய நிறுவனங்கள் சிறிய ஐரோப்பியக் கார்களுக்கு மாறின: இந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர், பிரீமியரின் ஃபியட், சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார்ஸின் ஹெரால்டு. அவற்றை வாங்கவும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 1959-இல் வந்த கட்டுப்பாட்டு உத்தரவு யாருக்கு எப்போது கார் என்பதையே அரசின் கையில் கொடுத்தது. புதியது கிடைக்காத நாட்டில் பழையது சாகாது. 1948-ஆம் ஆண்டுப் பிளிமத் 1970-இலும் ஓடியதன் ரகசியம் அதன் உறுதியில் பாதி, இந்த வரிசையில் பாதி.

பணமிருந்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. வெளிநாட்டுத் தூதரக அதிகாரிகள் தங்கள் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவந்த கார்களை, நாடு திரும்பும்போது, அரசு வர்த்தகக் கழகம் வாங்கி ஏலம் விடும். திரைப்பட நட்சத்திரங்களும் முதலாளிகளும் இம்பாலா வாங்கியது இப்படித்தான். 1958-இல் அறிமுகமான செவர்லே இம்பாலா, 1959 மாடலில் 5.3 மீட்டருக்கும் மேல் நீளம். பின்புறம் பறவைச் சிறகுபோல விரிந்திருக்கும். தமிழ்ச் சினிமா அதைப் பணக்காரனின் அடையாளமாகவே ஆக்கிவிட்டது. நாகர்கோவில் தியேட்டர்களில் படம் பார்த்த தலைமுறைக்கு இம்பாலாவைத் திரையில் பார்த்த நினைவுதான் அதிகம். சாலையில் பார்த்தது அபூர்வம்.

அமெரிக்காவிலோ அந்த இம்பாலாவிலிருந்தே வேறொரு கதை தொடங்கிவிட்டிருந்தது. 1961-இல் 6.7 லிட்டர் என்ஜினோடு வந்த இம்பாலா எஸ்.எஸ்., பிறகு 1964-இல் போன்டியாக் ஜி.டி.ஓ. என்ற வண்டிகள் மசில் கார் காலத்தைத் திறந்தன. சூத்திரம் எளிது: நடுத்தர அளவுள்ள கார் உடலுக்குள் பெரிய காருக்குரிய வி8 என்ஜினைப் புகுத்துவது, விலையை இளைஞன் எட்டும் அளவில் வைப்பது. ஜி.டி.ஓ. என்ஜின் 6.4 லிட்டர், 325 குதிரைசக்தி. அதே ஆண்டில் நாகர்கோவிலில் ஓடிய அம்பாசடரின் என்ஜின் 1.5 லிட்டர், சக்தி 50 குதிரையை ஒட்டி. 1964 ஏப்ரலில் வெளியான ஃபோர்டு மஸ்டாங் முதல் ஆண்டிலேயே 4 லட்சத்துக்கு மேல் விற்றது. பிளிமத் பெயரிலேயே ரோடு ரன்னர், டாட்ஜ் பெயரிலேயே சார்ஜர். நாஞ்சில் நாட்டில் குடும்பத்தையும் மூட்டையையும் சுமந்த அதே பெயர்கள், அங்கே சிக்னல் விளக்கிலிருந்து யார் முதலில் பாய்வது என்ற போட்டிக்குப் பயன்பட்டன. அமெரிக்க ரசிகர்களின் நினைவுகள் கால் மைலை எத்தனை விநாடியில் கடந்தது என்பதைச் சுற்றியே வரும். இங்குள்ளவர்களின் நினைவோ எத்தனை பேரை ஏற்றியது, எங்கே நின்றுபோனது, யார் சரிசெய்தார் என்று போகும்.

அங்கேயும் அந்தக் காலம் பத்தாண்டு நீடிக்கவில்லை. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1970-இல் வந்தது; இளைஞர்களுக்கான இன்சூரன்ஸ் தொகை ஏறியது; 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 3 டாலரிலிருந்து 12 டாலரை நெருங்கியது.

அந்த அடிக்கு நாஞ்சில் நாடும் தப்பவில்லை. லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓடும் வண்டியை வைத்துக்கொண்டு வாடகை ஓட்டுவது பைத்தியக்காரத்தனமாயிற்று. அதே நேரத்தில் வாடகைக் காருக்கு வேலையோ பெருகியிருந்தது. 1970-இல் விவேகானந்தர் நினைவுப் பாறை திறக்கப்பட்டபின் கன்னியாகுமரிக்கு வருவோர் கூட்டம் ஏறியது. ரயில் இன்னும் வரவில்லை. சபரிமலை, திருச்செந்தூர், வேளாங்கண்ணிப் பயணங்கள் வேறு. ஆளேற்ற இடமுள்ள வண்டி வேண்டும், பெட்ரோல் கட்டுப்படியாகாது. இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் பட்டறைக்காரர்கள்.

சென்னை சிம்ப்சன் கம்பெனி 1950-களிலிருந்தே பெர்கின்ஸ் டீசல் என்ஜின்களை இந்தியாவில் செய்துவந்தது. லாரிக்கும் டிராக்டருக்கும் படகுக்கும் நீரிறைக்கவும் பயன்பட்ட நான்கு சிலிண்டர் பெர்கின்ஸ், ஆறு சிலிண்டர் செவர்லே என்ஜின் இருந்த இடத்தில் அடங்கும். வேலை அத்தோடு முடியாது. ஒரு நாட்டு என்ஜினின் பின்முகமும் மற்றொரு நாட்டு கியர்பாக்ஸின் முன்முகமும் பொருந்தா. இடையில் கனமான இரும்புத் தகடு ஒன்றை லேத்தில் கடைந்து, துளைகளை இருபக்கமும் ஒத்துவரும்படி போட்டு இணைக்க வேண்டும். மையம் நூலளவு பிசகினாலும் கிளட்சைத் தின்றுவிடும். டீசல் என்ஜின் கனம் கூடுதல் என்பதால் முன் ஸ்பிரிங்கைக் கெட்டிப்படுத்த வேண்டும். அதிர்வைத் தாங்கப் புதிய ரப்பர்த் தாங்கிகள் வேண்டும். ரேடியேட்டர், சைலன்சர், ஆக்சிலேட்டர் கம்பி எல்லாம் இடம் மாறும். வரைபடம் கிடையாது, மேஸ்திரியின் கண்ணும் கையும்தான் அளவு. முடிந்து வெளிவரும் வண்டி, தோற்றத்தில் அமெரிக்கா, சத்தத்தில் டிராக்டர். வேகம் போயிற்று. ஆனால் செலவு பாதிக்கும் கீழே இறங்கிற்று.

பழைய கார் ஆர்வலர்கள் இன்று இந்த மாற்றத்தைக் குற்றமாகப் பேசுகிறார்கள். அசல் என்ஜின் இல்லாத காருக்குச் சேகரிப்பாளர் உலகில் மதிப்புக் குறைவு என்பது உண்மையே. ஆயினும் டீசல் என்ஜின் ஏறாத வண்டிகளில் பெரும்பகுதி 1970-களிலேயே எடைக்கு எடை பழைய இரும்பாகப் போயிற்று; இன்று மிஞ்சியிருக்கும் உடல்களில் பல, டீசலால் இன்னும் பத்து இருபது ஆண்டுகள் சோறு தின்றவை. பட்டறைக்காரரைத் திட்டுவது நன்றிகெட்ட செயல்.

1980 வாக்கில் டீசல் அம்பாசடர் தொழிற்சாலையிலிருந்தே வரத் தொடங்கியதும் இந்த வேலைக்கும் தேவை குறைந்தது. அம்பாசடர் பல வகையில் அமெரிக்க வண்டியின் ஏழை வாரிசு: அதே பலகைச் சீட்டு, அதே ஸ்டீயரிங் கியர், அதே கணக்கில்லாத ஆளேற்றல். நாகர்கோவில் டாக்ஸி நிறுத்தங்கள் அதன் கையில் போயின. 2014-இல் அதன் உற்பத்தியும் நின்றது.

மசில் காரை உண்மையிலேயே கையால் தொட்ட நாஞ்சில் நாட்டுக்காரர்கள் அதை ஊரில் தொடவில்லை, வளைகுடாவில் தொட்டார்கள். எந்த எண்ணெய் விலையேற்றம் உள்ளூர்ச் செவர்லேக்களைக் கொன்றதோ அதுவே வளைகுடா நாடுகளைச் செழிக்கவைத்து, குமரி மாவட்டத்துக் கொத்தனார்களையும் டிரைவர்களையும் மெக்கானிக்குகளையும் குவைத்துக்கும் சவூதிக்கும் துபாய்க்கும் இழுத்தது. அங்கே பெட்ரோல் தண்ணீர் விலை. வி8 என்ஜின் வைத்த செவர்லே காப்ரிஸ் அரபு வீடுகளின் சாதாரணக் குடும்பக் கார். வீட்டு டிரைவராகப் போனவர்கள் இடப்பக்க ஸ்டீயரிங், தானியங்கி கியர், குளிர்சாதனம் ஆகிய மூன்றையும் ஒரே வண்டியில் கற்றார்கள். சிலர் பழைய வண்டியைச் சல்லிசாக வாங்கிச் சொந்தமாகவும் வைத்திருந்தார்கள். ஊருக்குக் கொண்டுவருவதோ நடக்காத காரியம். சுங்கவரி காரின் விலையையே தாண்டும்; இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியை இங்கே ஓட்டுவதும் சிக்கல். எனவே அந்தக் கார்கள் அங்கேயே கைமாறின. பெரும்பாலான வீடுகளுக்கு வந்து சேர்ந்தது காரின்மேல் சாய்ந்து நின்று எடுத்த வண்ணப் புகைப்படம்.

இந்தியச் சந்தையில் மசில் கார் முறைப்படி விற்பனைக்கு வந்தது 2016-இல். ஃபோர்டு தன் 5 லிட்டர் வி8 மஸ்டாங்கை வலப்பக்க ஸ்டீயரிங்கோடு, ஏறத்தாழ 65 லட்சம் ரூபாய்க்குக் கொண்டுவந்தது. சென்னையை அடுத்த மறைமலை நகரில் ஃபோர்டுக்குப் பெரிய ஆலை இருந்தும் மஸ்டாங் அங்கே பிறக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து முழுவண்டியாகவே வந்தது. 2021-இல் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது.

பழைய வண்டியைப் பேணுவது தனிக் கலையாக வளர்ந்திருக்கிறது. கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் ஜி.டி. கார் அருங்காட்சியகம் 2015-இலும், சென்னையில் ஏவி.எம். ஸ்டூடியோ வளாகத்தில் எம்.எஸ். குகனின் சேகரிப்பைக் கொண்ட அருங்காட்சியகம் 2023-இலும் திறக்கப்பட்டன. குமரி மாவட்டத்தில் அப்படி ஒன்று அமையாததற்குப் பணக் குறைவைக் காட்டிலும் துருவே காரணம். இருபருவ மழை, அதன்மேல் குளச்சல் முதல் கன்னியாகுமரிவரை உப்புக் காற்று. வெளியே பளபளக்கும் கதவின் அடிப்பகுதியும் மிதிபலகைக்கு உள்பக்கமும் அரித்துச் சல்லடையாகியிருக்கும். டிங்கர் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகட்டைத் தட்டி வளைத்துப் பற்றவைத்து, பட்டி பார்த்து, தேய்த்துப் பெயிண்ட் அடிக்க மாதக்கணக்கில் ஆகும். பம்பருக்கும் முகப்புக் கம்பிகளுக்கும் குரோமியம் முலாம் பூசச் செலவு வேறு. உதிரி பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டையில் அலைய வேண்டும். கிடைக்காதவற்றைக் கடைந்துகொள்ள வேண்டும். கதவின் ரப்பர்ப் பட்டை கிடைப்பது எல்லாவற்றிலும் கடினம். ரப்பர் தோட்டங்கள் நிறைந்த மாவட்டத்தில் இந்தக் கஷ்டம் நேர்வது வேடிக்கைதான்.

சட்டம் அண்மையில் இந்த வண்டிகளுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான, பெரிய மாற்றம் செய்யப்படாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'விண்டேஜ்' வாகனங்கள். எண் பலகையில் மாநில எழுத்துகளுக்கு அடுத்து 'வி.ஏ.' என்ற குறியீடு வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு, ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு ஓட்டலாம். அடிச்சட்டமும் உடலும் என்ஜினும் வெகுவாக மாறாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனை, பெர்கின்ஸ் ஏறிய நாஞ்சில் நாட்டு வண்டிகளுக்கு நெருடலானது. ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய ஆர்.சி. புத்தகமும், இறக்குமதியான வண்டிக்குச் சுங்க ஆவணமும் கேட்கப்படும்.

ஆகையால், வீட்டுப் பரணிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ தாத்தா காலத்து ஆர்.சி. புத்தகம், வரி கட்டிய ரசீது, டி.வி.எஸ். பில், கார் முன் நின்று எடுத்த படம் ஆகியவை கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். வண்டியே போயிருந்தாலும் அவற்றை வைத்திருங்கள்.